ரயில்கள் ஏன் மோதிக்கொள்கின்றன?

பஸ் டிரைவருக்கு முன்னால் திடீரென்று ஏதாவது வந்துவிட்டால் பிரேக்கை மிதிக்கலாம், இல்லையென்றால் ஸ்டீயரிங்கை ஒடித்து ஒதுங்கலாம். ரயில் ஓட்டுபவருக்கு ஸ்டீயரிங்கே கிடையாது. பிரேக் உண்டு, ஆனால் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓடுவதால் பிடிப்பு குறைவு. இருபது, இருபத்துநான்கு பெட்டி கோத்த எக்ஸ்பிரஸ் ஒன்று 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அவசர பிரேக் போட்டாலும் நிற்பதற்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும். ராத்திரி நேரத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற இன்னொரு வண்டியை யாரால் பார்க்க முடியும்? அதனால் ரயிலைக் கண்ணால் பார்த்து ஓட்டுவதில்லை. "முன்னால் பாதை காலி, வரலாம்" என்று வேறு யாரோ சொல்கிறார்கள், அதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள்.

அந்த "யாரோ" யார்? இருநூறு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் கடிகாரம் சொன்னது, அப்புறம் தந்தியடிக்கும் மனிதர் சொன்னார், பிறகு லீவரும் பூட்டும் சொல்லின, இன்று கம்பியில் ஓடும் கரண்ட்டும் கம்ப்யூட்டரும் சொல்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு விபத்தோ பல விபத்துகளோ இருக்கின்றன.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா ரயில் விபத்தும் மோதல் இல்லை. 1879-இல் ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் புயற்காற்றில் ரயிலோடு சேர்ந்து விழுந்தது. 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து சுமார் 150 பேர் இறந்தார்கள், ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 1964-இல் தனுஷ்கோடியிலும் 2004 சுனாமியில் இலங்கையின் பெரலியவிலும் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டுபோனது. வெள்ளம், கடல், பாலம், முறிந்த தண்டவாளம், தேய்ந்த சக்கரம் எல்லாம் தனித்தனிக் கதை. இங்கே நான் பேசப்போவது ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் வந்து சேர்வதைப் பற்றி மட்டும்தான்.

ஆரம்ப காலத்தில், அதாவது 1830-களில், பிரிட்டனில் ஏற்பாடு ரொம்ப எளிமையானது. ஒரு வண்டி கிளம்பியதும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ ஆனதும் அடுத்த வண்டியை விடுவார்கள். முதல் வண்டி இதற்குள் தூரமாகப் போயிருக்கும் என்பது கணக்கு. அது வழியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

என்ன ஆகும் என்பது 1861 ஆகஸ்ட் 25-ஆம் தேதி தெரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரைட்டனிலிருந்து லண்டனுக்கு மூன்று வண்டிகள் அடுத்தடுத்துக் கிளம்பின: 8.28, 8.31, 8.35. ஐந்து நிமிஷ இடைவெளி என்ற விதியையே யாரும் மதிக்கவில்லை என்று இதிலேயே தெரிகிறது. வழியில் கிளேட்டன் சுரங்கம், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். ஆபத்தான இடம் என்பதால் அங்கே மட்டும் தந்திக்கருவி வைத்து, இரண்டு முனையிலும் ஆள் போட்டிருந்தார்கள். முதல் வண்டி உள்ளே போனதும் சிக்னல் தானாக ஆபத்து நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. தெற்கு முனையில் இருந்தவர் அதைக் கவனித்துச் சிவப்புக் கொடியோடு ஓடிவந்து காட்டும்போதே இரண்டாவது வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. டிரைவர் கொடியைப் பார்த்தாரா இல்லையா என்று இவருக்குத் தெரியவில்லை. டிரைவர் பார்த்துவிட்டார். உள்ளே வண்டியை நிறுத்தி, என்ன விஷயம் என்று கேட்பதற்காக மெதுவாகப் பின்னால் வரத் தொடங்கினார்.

தெற்கு முனை ஆள் தந்தியில் கேட்டார், சுரங்கம் காலியா? வடக்கு முனையில் இருந்தவருக்கு அப்போதுதான் முதல் வண்டி வெளியே வந்திருந்தது. அதைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, காலி என்று பதில் அனுப்பினார். அதை நம்பி மூன்றாவது வண்டிக்குப் போகலாம் என்ற வெள்ளைக் கொடி காட்டப்பட்டது. சுரங்கத்தின் இருட்டில், பின்னோக்கி வந்துகொண்டிருந்த இரண்டாவது வண்டியின் மேல் அது மோதியது. 23 பேர் செத்தார்கள், 176 பேருக்குக் காயம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, இரண்டு பேருமே விழித்துத்தான் இருந்தார்கள். வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறை வேண்டும் என்பதற்காக தெற்கு முனை ஆள் அன்று 24 மணி நேர டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளேட்டனுக்குப் பிறகு, நேரத்தை வைத்துப் பிரிப்பது உதவாது, தூரத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. இதுதான் பிளாக் முறை. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வது, ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி, அது வெளியேறியது உறுதியான பிறகே அடுத்தது. இன்றைக்கும் உலகத்தின் பெரும்பாலான ரயில்கள் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் "லைன் கிளியர்" வாங்குவது என்று நாம் கேள்விப்படுகிறோமே, அது இதுதான்.

ஒற்றைப் பாதையில் இன்னொரு பயம், எதிரெதிரே வந்துவிட்டால்? 1874-இல் இங்கிலாந்தில் நாரிச் அருகே தார்ப் என்ற இடத்தில் அதுதான் நடந்தது, எதிர் வண்டியை அனுப்பச் சொல்லும், கையெழுத்தாகாத ஒரு தந்தி முன்கூட்டியே போய்விட்டதால். அதன் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் மின்சார டேப்லெட் கருவியைக் கொண்டுவந்தார். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி, இரண்டும் கம்பியால் இணைந்தவை. ஒன்றிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்துவிட்டால் அது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு பெட்டியிலிருந்தும் இன்னொன்று வராது. கையில் அது இல்லாமல் டிரைவர் கிளம்பக் கூடாது. நம் ஊர் ஒற்றைப் பாதைகளில் ஓடுகிற வண்டியிலிருந்து வளையத்தை வீசுவதும், பிளாட்பாரத்தில் நிற்பவர் நீட்டும் வளையத்தைக் கைபோட்டுப் பிடிப்பதும் பார்த்திருப்பீர்கள். அந்த வளையத்தோடு இருக்கும் தோல் பைக்குள் இருந்த டோக்கன் இதே வம்சம்தான். எனக்கு இந்த முறை மேல் ஒரு தனி மரியாதை உண்டு. யார் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதற்கெல்லாம் இதில் இடமே இல்லை, பொருள் கையில் இருக்கிறது அல்லது இல்லை.

இவ்வளவு தெரிந்தும் பல கம்பெனிகள் செலவுக்குப் பயந்து பழையபடியே ஓட்டிக்கொண்டிருந்தன. 1889 ஜூன் 12, அயர்லாந்தில் அர்மா. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களுமாக 900-க்கும் மேற்பட்டோர் கடற்கரைக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். பதினைந்து பெட்டிகள். மேட்டில் ஏற முடியாமல் இஞ்சின் நின்றுவிட்டது. பாதியைக் கழற்றி மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு மீதிக்குத் திரும்பி வரலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த வண்டியில் இருந்தது குழாயில் வெற்றிடம் உண்டாக்கிப் பிடிக்கும் பழைய வகை வேக்யூம் பிரேக், இஞ்சினோடு இணைந்திருந்தால்தான் பிடிக்கும். கழற்றியதும் பின்னால் இருந்த பத்துப் பெட்டிகளுக்கு மிஞ்சியது ஒரு கை பிரேக்கும் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கற்களும்தான். முன்பாதி கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் உருண்டு இடிக்க, கற்களைத் தாண்டி பத்துப் பெட்டிகளும் சரிவில் இறங்கின. கதவுகள் பூட்டியிருந்தன. பின்னால் கடிகாரக் கணக்கில் விடப்பட்ட வழக்கமான வண்டி வந்துகொண்டிருந்தது. 80 பேர் இறந்தார்கள், அதில் நிறைய குழந்தைகள்.

மூன்று மாதத்துக்குள் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது. பயணிகள் ரயில்களுக்கு பிளாக் முறை கட்டாயம், இன்டர்லாக்கிங் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) கட்டாயம், தானியங்கி பிரேக் கட்டாயம். தானியங்கி பிரேக் என்பது பழையதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. வெற்றிடம் இருக்கும்வரைதான் பிரேக் விலகி இருக்கும், குழாய் எங்கே அறுந்தாலும் எல்லாப் பெட்டியிலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ரயிலில் செயினை இழுத்தால் வண்டி நிற்பதும் இதே தத்துவம்தான், குழாயில் உள்ள அழுத்தத்தை நீங்கள் குலைக்கிறீர்கள்.

இந்தத் தலைகீழ் யோசனைதான் முழு விஷயத்தின் உயிர் என்று நினைக்கிறேன். ஒரு சாதனம் கெட்டுப்போகும், அதைத் தடுக்க முடியாது. கெட்டுப்போகும்போது எந்தப் பக்கம் சாயும் என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். 1876-இல் ஆபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் பனி உறைந்து, கம்பத்தில் கை மாதிரி நீண்டிருக்கும் சிக்னல்கள் "போகலாம்" நிலையிலேயே ஒட்டிக்கொண்டு, நிலக்கரி வண்டி மேல் எக்ஸ்பிரஸ் மோதியது, அந்தக் குவியலில் இன்னொரு எக்ஸ்பிரஸும் வந்து விழுந்தது. அதுவரை சிக்னலின் சாதாரண நிலையே "போகலாம்" என்பதுதான். அதன் பிறகு சாதாரண நிலை "நில்" என்று மாறியது. அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை வாங்கிய ட்ராக் சர்க்யூட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. தண்டவாளம் வழியாக மெல்லிய கரண்ட் போய் ஒரு ரிலேயை, அதாவது காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடுவதால் ரிலேக்குக் கரண்ட் போகாது, அது விழும், சிக்னல் சிவப்பாகும். பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு. கம்பி அறுந்தாலும் சிவப்பு. காலி என்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும்தான் பச்சை.

இன்டர்லாக்கிங் என்று மேலே சொன்னேன், அதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் செய்தியில் அடிக்கடி அடிபடுகிறது. ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து, வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைன் பிரிகிற இடத்தில் நகரும் தண்டவாளத் துண்டு இருக்கும், அதுதான் பாயிண்ட். பாயிண்ட் லூப் பக்கம் திரும்பியிருக்கும்போது மெயின் லைன் சிக்னல் பச்சை காட்டினால்? 1856-லேயே ஜான் சாக்ஸ்பி லீவர்களை ஒன்றோடொன்று பூட்டுகிற அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பாயிண்ட் சரியாக இல்லாவிட்டால் சிக்னல் லீவரை எவ்வளவு பலமாக இழுத்தாலும் அசையாது. இன்று லீவருக்குப் பதில் ரிலேயும் கம்ப்யூட்டரும், வேலை அதேதான்.

இந்தப் பூட்டுகள் எட்டாத இடங்களில் மனித ஞாபகம்தான் பூட்டு. 1915 மே 22, ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில். காலை டியூட்டிக்கு வந்த சிக்னல்மேன் ஒரு உள்ளூர் வண்டியில்தான் வந்து இறங்கினார். அந்த வண்டி அவருடைய கேபினுக்கு எதிரேயே மெயின் லைனில் ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்தது. தாமதமாக வந்ததை மறைக்க, முந்தைய ஷிஃப்ட் ஆள் தனித்தாளில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைத் தன் கையெழுத்தில் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டே, தான் வந்த வண்டியையே மறந்து, ராணுவ வீரர்கள் வந்த ரயிலுக்கு வழி கொடுத்துவிட்டார். ஒரு நிமிஷத்தில் எதிர்ப்பக்கம் ஒரு எக்ஸ்பிரஸும் வந்து மோதி, கேஸ் விளக்கு வைத்த மரப்பெட்டிகள் பற்றி எரிந்தன. சுமார் 226 பேர் இறந்தார்கள். மறந்தது ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு நேரே நின்ற ரயில் என்பதை யோசித்துப் பாருங்கள். 1995-இல் ஃபிரோசாபாத் பக்கம் ஒரு விலங்கின் மேல் மோதி நின்றுவிட்ட காளிந்தி எக்ஸ்பிரஸ் அங்கேயே நிற்க, பின்னால் புருஷோத்தம் எக்ஸ்பிரஸுக்கு லைன் கொடுக்கப்பட்டு 300 பேருக்கு மேல் இறந்ததும் இந்த ரகம்தான்.

சரி, மனிதரிடமிருந்து பிடுங்கி மின்சாரத்திடம் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? 1988 டிசம்பர் 12, லண்டன் கிளாப்பம் ஜங்ஷன். சிக்னல் கம்பிகளை மாற்றியபோது ஒரு பழைய கம்பியை முழுதாக எடுக்காமல் ஒரு முனையை அப்படியே விட்டிருந்தார்கள். பிறகு பக்கத்தில் நடந்த இன்னொரு வேலையில் அது அசைந்து, தொடக்கூடாத இடத்தைத் தொட்டு, முன்னால் வண்டி நிற்கும்போதே சிக்னலைப் போகலாம் என்று காட்ட வைத்தது. 35 பேர் பலி. வேலை செய்த டெக்னீஷியனுக்குப் பதின்மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை கிடைத்திருந்தது என்பதும், அவருடைய வேலையை யாரும் கம்பி கம்பியாக எண்ணிச் சரிபார்க்கவில்லை என்பதும் விசாரணையில் வந்தன.

35 வருஷம் கழித்து ஒடிசாவில் ஏறக்குறைய அதே கதை. 2023 ஜூன் 2, மாலை ஏழு மணிவாக்கில் பாஹநாகா பஜார் ஸ்டேஷன். ஷாலிமாரிலிருந்து சென்னை வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை சிக்னல். பாயிண்ட் மட்டும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் இரும்புத்தாது ஏற்றிய கூட்ஸ் வண்டி. ஏறக்குறைய 128 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதியது, தெறித்த பெட்டிகள் எதிர்ப்பாதையில் போய்க்கொண்டிருந்த யஷ்வந்த்பூர் - ஹவுரா வண்டியின் கடைசிப் பெட்டிகளில் இடித்தன. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் இருந்தது! பாயிண்ட் தப்பான பக்கம் இருந்தால் பச்சை எரியவே கூடாது. ஆனால் பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது வெளியே ஒரு பெட்டிக்குள் இருக்கும் கம்பிகள். பழைய மாற்றம் ஒன்றில் கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன, பெட்டியில் எழுதியிருந்த பெயர்களும் தவறு, அன்று லெவல் கிராசிங் கேட்டுக்காக நடந்த வேலையில் மறுபடி குளறுபடி என்று பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது. பாயிண்ட் லூப்பில் இருக்க, மெயினில் இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குச் செய்தி போனது. இதற்கு ஒரு வருஷம் முன்பு, 2022 மே மாதத்தில், அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ராநயாபாஜ் ஸ்டேஷனில் தவறான வயரிங்கால் இதே மாதிரி ஒரு சம்பவம் நடந்திருக்கிறது, அதைச் சரியாக எடுத்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது என்றும் அறிக்கையில் இருந்தது. எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் ஆறவில்லை.

"கவச் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமே" என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். கவச் நல்ல சாதனம். டிரைவர் சிவப்பைத் தாண்டப் போனாலோ அதிக வேகத்தில் போனாலோ தானே பிரேக் போடும். 1999-இல் லண்டனில் லாட்ப்ரோக் குரோவ் அருகே சிவப்பைத் தாண்டிய வண்டியால் 31 பேர் இறந்தார்களே, அந்த மாதிரி விபத்துக்கு இதுதான் மருந்து. ஆனால் சிக்னலின் நிறம் என்ன என்பதை கவச் இன்டர்லாக்கிங்கிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அங்கேயே பொய்ப் பச்சை என்றால் கவசுக்கும் பச்சைதான்.

மின்சாரம் பழுதானால் கதை திரும்பக் காகிதத்துக்கு வந்துவிடும். 2024 ஜூன் 17, மேற்கு வங்கத்தில் ரங்காபானி பக்கம் காலையிலிருந்தே தானியங்கி சிக்னல்கள் வேலை செய்யவில்லை. சிவப்பைத் தாண்டிப் போகலாம் என்று டிரைவர்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பின்னால் வந்த கூட்ஸ் வண்டி, முன்னால் இருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் மேல் மோதியது. இறந்துபோன கூட்ஸ் டிரைவர் மேல் அன்றைக்கே பழி போட்டாயிற்று. விசாரணையில் பார்த்தால், கொடுத்த படிவமே அந்தச் சூழ்நிலைக்குப் பொருந்தாதது, எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இல்லை, அந்தக் காலையில் அதே பாதையில் போன மற்ற வண்டிகளில் பெரும்பாலானவையும் மெதுவாகப் போகவில்லை.

நம் பக்கம் 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மேல் பாசஞ்சர் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்ததும் இந்தக் கேள்விக்குள்தான் வருகிறது. அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அப்படிப்பட்ட கேட்டில், கேட்டை மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் போனில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி ஒரு எண்ணைப் பரிமாறிக்கொள்வார், பிரைவேட் நம்பர் என்பார்கள், அந்த வார்த்தையை நம்பி சிக்னல் கொடுக்கப்படும். மூடாமலேயே மூடியதாகச் சொல்லப்பட்டது என்றது ரயில்வே, கேட் கீப்பர் வேலையை இழந்தார். இன்டர்லாக்கிங் உள்ள கேட்டாக இருந்திருந்தால் கேட் மூடாமல் ரயிலுக்குச் சிக்னல் கிடைத்திருக்காது. மற்ற கேட்டுகளில் என்ன என்று கேட்டிருக்க வேண்டும், டிவியில் அன்று முழுக்க அந்த ஒரு மனிதரைப் பற்றியே பேசினார்கள்.

ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு "மனிதத் தவறு" என்று ஒரு வரி வரும். உண்மைதான், கிளேட்டனிலிருந்து செம்மங்குப்பம் வரை எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தவறு செய்திருக்கிறார். ஆனால் அந்த வரியோடு விசாரணை நின்றிருந்தால் இன்றும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வண்டி விட்டுக்கொண்டிருப்போம். இந்தியாவில் பெரிய விபத்துகளை விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். 1941-லேயே இந்தப் பிரிவை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்துவிட்டார்கள், இப்போது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, ரயில்வே தன்னைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. ஆனால் பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டு விபத்து அறிக்கைகளைக்கூட இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம், எந்தச் சிக்னல்மேன் என்ன சொன்னார் என்பதுவரை. பாஹநாகா பஜார் அறிக்கையில் என்ன இருந்தது என்பதை நாம் பத்திரிகைக்காரர்கள் கையில் கிடைத்த பக்கங்கள் வழியாகத்தான் தெரிந்துகொண்டோம்.